ஸ்பிரிங் புதுசு, சத்தமும் புதுசு

கேள்வி: என்னிடம் இருப்பது ஆறு வருடப் பழைய 150 சிசி பைக். 48,000 கி.மீ. ஓடியிருக்கிறது. முன் ஃபோர்க்கில் (முன் சக்கரத்தைத் தாங்கும் ஷாக் அப்சார்பர் கால்கள்) ஆயில் கசிந்ததால் இரண்டு பக்கமும் ஆயில் சீல் மாற்றக் கொடுத்தேன். ‘ஸ்பிரிங்கும் தளர்ந்துவிட்டது’ என்று மெக்கானிக் சொன்னதால், வெளியில் கிடைக்கும் புரோகிரஸிவ் ஸ்பிரிங் (அமுங்க அமுங்க விறைப்பு கூடும் வகை) ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்து அதையும் போடச் சொன்னேன். வண்டி கைக்கு வந்த அன்றிலிருந்தே சத்தம். வேகத்தடையில் ஏறும்போது ‘கர்ரக்’ என்று உள்ளே ஏதோ உரசுகிறது. இறங்கியதும் ‘டக்’ என்று ஓர் அடி. முன் பிரேக் பிடித்தாலும் சில சமயம் ஒரு ‘டக்’. ‘புது ஸ்பிரிங், ஓட ஓட செட் ஆகிவிடும்’ என்றார்கள். ஒரு மாதம் ஓட்டிவிட்டேன், ஆகவில்லை. இப்போது ஃபோர்க்கையே முழுசாக மாற்றச் சொல்கிறார்கள். நான் வாங்கிய ஸ்பிரிங் மட்டமான சரக்கா? ஓட்டுவது ஆபத்தா? ஓரளவு டூல்ஸ் என்னிடம் உண்டு. நானே பிரித்துப் பார்க்கலாமா?

பதில்: ஃபோர்க்கை மாற்றுவதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் ஸ்பிரிங்கும் கெட்டிருக்காது, ஃபோர்க்கும் கெட்டிருக்காது. பழைய ஸ்பிரிங்குக்கென்று இருந்த ஸ்பேசரும் (ஸ்பிரிங்குக்கு மேலே உட்காரும் குழாய்த் துண்டு) வாஷரும் புது ஸ்பிரிங்கோடு ஒத்துப் போகவில்லை. அல்லது பிரித்து மாட்டும்போது ஏதோ ஒரு சின்னச் சாமான் உள்ளே போகாமல் மேஜையிலேயே தங்கிவிட்டது. என் சந்தேகம் இதுதான். மூடியைத் திறந்தால் பாதிக்கு மேல் தெரிந்துவிடும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவிய வரி, ‘வண்டி கைக்கு வந்த அன்றிலிருந்தே’ என்பது. தேய்மானத்தால் வரும் சத்தம் அப்படி வராது. மாதக் கணக்கில் மெல்ல மெல்ல ஏறும், என்றைக்கு ஆரம்பித்தது என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. ஒரு வேலை முடிந்த அன்றே ஒரு சத்தம் பிறந்தால், அந்த வேலைக்குள்தான் அதைத் தேட வேண்டும்.

அப்புறம், நீங்கள் ஒரே சத்தமாக எழுதியிருப்பது உண்மையில் மூன்று. அமுங்கும்போது கர்ரக், விரியும்போது டக், பிரேக் பிடித்தால் டக். மூன்றுக்கும் காரணம் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ‘எங்கிருந்து வருகிறது’ என்று காதைத் தீட்டிக்கொண்டு தேடுவதைவிட ‘எப்போது வருகிறது’ என்று கவனிப்பது பலன் தரும். வண்டியின் முன்பக்கம் முழுக்க ஒன்றோடொன்று இறுக்கிய இரும்பு. கீழே அச்சில் தட்டினால் மேலே ஹேண்டில்பாரில் கேட்கும். இடம் விஷயத்தில் காது ஏமாந்து போகும், நேரம் விஷயத்தில் ஏமாறாது.

பிரேக் பிடித்தால் வரும் டக்கை முதலில் தனியே பிரித்து வைத்துவிடுவோம். அது பெரும்பாலும் ஃபோர்க்கின் உள்ளே இருப்பதல்ல. வண்டியைத் தரையில் நிறுத்தி, முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கூட ஒருவர் இருந்தால், ஃபிரேமின் கழுத்தும் கீழ் டி-யும் (இரண்டு ஃபோர்க் கால்களையும் சேர்த்துப் பிடிக்கும் கீழ்த் துண்டு) சேரும் இடத்தில் விரலைக் குறுக்காக வைக்கச் சொல்லுங்கள். ஆட்டும்போது அந்த இரண்டுக்கும் நடுவில் அசைவு விரலில் தட்டினால், கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்தில் இருக்கும் பேரிங்) தளர்ந்திருக்கிறது. ஃபோர்க்கைக் கழற்றி மாட்டிய கையோடு யாராவது கோன் நட்டைத் தொட்டிருந்தால் இது நடக்கும். அடுத்து, ஃபோர்க்கின் மேல் குழாயான பைப் அதன் கீழ்ப் பகுதியான பாட்டத்துக்குள் நுழையும் இடத்தில் விரல் வைக்கச் சொல்லுங்கள். அங்கே அசைவு தெரிந்தால் புஷ்ஷோ (பைப் ஆடாமல் வழுக்க உதவும் வளையம்) பாட்டமோ தேய்ந்திருக்கிறது. இரண்டு இடத்திலும் ஒன்றுமில்லை, டக் மட்டும் டிஸ்க் பக்கம் கேட்கிறது என்றால், டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரில் பேட் (பிரேக் கட்டை) ஆடுகிறது. பேடுக்குக் கொஞ்சம் ஆட்டம் இருப்பது இயல்பு. ஆனால் அதை அழுத்திப் பிடிக்கும் மெல்லிய தகடு ஒன்று காலிப்பருக்குள் இருக்கும். சக்கரம் கழற்றி மாட்டும் வேலைகளில் அது இடம் மாறிப் போவதும் காணாமல் போவதும் சகஜம். மேடு பள்ளமான சாலையில் மெதுவாகப் போகும்போது முன் பிரேக் லீவரில் இரண்டு விரலை லேசாக வைத்துப் பாருங்கள். கடகடப்பு உடனே நின்றால் குற்றவாளி பேட்தான்.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவர் இதே டக் சத்தத்தோடு வந்தார். ஃபோர்க்கைக் கையால் அமுக்கிப் பார்த்தேன், சத்தம் வந்தது, ஸ்பிரிங் என்று தீர்ப்புச் சொன்னேன். ஒரு நாள் முழுக்கப் பிரித்து இரண்டு ஸ்பிரிங்கையும் மாற்றினேன். சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போனவர் அப்படியே திரும்பி வந்தார். அதே டக். என் கை வைத்து அமுக்கியபோதெல்லாம் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே அமுக்கியிருக்கிறேன். கேட்டது பேட் சத்தம். காலிப்பரில் அந்தத் தகடு இல்லவே இல்லை. அன்றிலிருந்து ஃபோர்க் பார்க்கும்போது பிரேக்கைத் தொடுவதில்லை, முன் சக்கரத்தைச் சுவரில் முட்டக் கொடுத்துவிட்டுத்தான் அமுக்குகிறேன்.

மட்கார்டு திருகு, ஹெட்லைட் பிராக்கெட், நம்பர் பிளேட், ஃபோர்க்கில் உரசும் கேபிள் எல்லாவற்றையும் ஒரு முறை கையால் பிடித்து ஆட்டிப் பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. விட்டுவிட்டால் கடைசியில் சிரிப்புக்கு இடமாகும்.

இனி நிஜமான ஃபோர்க் சத்தம். சுவரில் சக்கரத்தை முட்டக் கொடுத்து, ஹேண்டில்பாரின் மேல் உடம்பு எடையைப் போட்டு மெதுவாக அமுக்குங்கள். வேகமாக வேண்டாம், மெதுவாக. கர்ரக் கேட்கிறதா? நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஃபோர்க் மூடியின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்திக்கொள்ளுங்கள். இன்னொருவர் அமுக்கட்டும். இடது, வலது இரண்டையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். அநேகமாக ஒரு பக்கம் கூடுதலாக உரசும். அந்தப் பக்கத்தை முதலில் திறப்போம். ‘புஸ்... புஸ்’ என்று லேசாகக் காற்றும் எண்ணெயும் மூச்சு விடுவது போலக் கேட்டால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். துளைகள் வழியாக ஆயில் போய் வரும் சத்தம் அது, ஃபோர்க் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு படம் மனதில் இருந்தால் மீதி எளிது. மேலே மூடி. அதற்குக் கீழே ஸ்பேசர் என்கிற ஒரு குழாய்த் துண்டு. அதன் கீழே ஒரு தட்டை வாஷர். பிறகு நீளமான ஸ்பிரிங். ஸ்பிரிங் உட்காருவது டாம்பர் ராடின் தலையில். அந்த ராட், பாட்டத்தின் அடியிலிருந்து வரும் அலன் போல்ட்டால் பிடிக்கப்பட்டிருக்கும். ராடின் தலைக்குக் கீழே குட்டி ஸ்பிரிங் ஒன்று உண்டு; ஃபோர்க் முழுசாக விரியும்போது இரும்பும் இரும்பும் மோதாமல் தாங்குவது அதன் வேலை. ராடின் அடியில் ஒரு கூம்புத் துண்டு. ஃபோர்க் முழுசாக அமுங்கும்போது ஆயிலைச் சிறைப் பிடித்து மெத்தை போல ஆக்குவது அது. சில வண்டிகளில் மேலே ஸ்பேசர் இருக்காது, ஸ்பிரிங்கே மூடி வரை வரும். மற்றபடி சாதாரண டெலஸ்கோபிக் ஃபோர்க் எல்லாம் இந்த வரிசைதான்.

சுருள் ஸ்பிரிங் அமுங்கும்போது மூன்று காரியம் செய்யும். குட்டையாகும், அது எல்லோருக்கும் தெரியும். அதோடு முனை கொஞ்சம் திரும்பும், நட்டு திருகுவது போல. நடு வயிறு கொஞ்சம் பக்கவாட்டில் வளையப் பார்க்கும், ஏனென்றால் அது மெலிந்து நீண்ட உடம்பு. வளைந்த வயிறு பைப்பின் உள்சுவரில் சாயும். அதனால் அநேகமாக எல்லா ஃபோர்க்கிலும் ஸ்பிரிங் சுவரை லேசாகத் தொட்டுக்கொண்டுதான் போகிறது, ஆயில் நடுவில் இருப்பதால் நமக்குக் கேட்பதில்லை. ஸ்பிரிங்கின் வெளி விட்டம் பழையதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலோ, மேலே ஸ்பேசர் சாய்வாக வெட்டப்பட்டு ஸ்பிரிங்கை ஒரு பக்கமாகத் தள்ளினாலோ, ஆயில் குறைந்து மேல் பாதி உலர்ந்திருந்தாலோ அந்த உரசல் கர்ரக் ஆகிறது.

முனை திரும்புகிறது என்றேனே, அதில்தான் வாஷரின் கதை இருக்கிறது. ஸ்பிரிங்கின் அறுத்த முனை, வழவழப்பான இரும்பு வாஷரின் மேல் சறுக்கித் திரும்பினால் சத்தமில்லை. வாஷரைப் போடாமல் ஸ்பேசரின் மேல் நேராக உட்கார்ந்தால் அந்த முனை உளி மாதிரி வேலை செய்யும். ஸ்பேசர் பிளாஸ்டிக் என்றால் குதறித் தள்ளும். கொஞ்ச தூரம் பிடித்துக்கொண்டு நின்று, பிறகு ஒரே வெட்டில் நழுவும். அந்த நழுவல் மேலே மூடி வழியாக ‘டிங்’ என்றோ ‘கரக்’ என்றோ வந்து சேரும்.

ஒருமுறை இப்படித் திறந்த ஃபோர்க் ஒன்று இன்னும் கண்ணில் நிற்கிறது. மூடியைக் கழற்றி ஸ்பேசரை வெளியே தூக்கினேன். அதன் அடி விளிம்பில் பிறை நிலா வடிவத்தில் ஒரு பள்ளம், நகத்தை விட்டால் உள்ளே போகும் ஆழம். பள்ளத்தின் ஓரம் முழுக்க வெள்ளைச் சுருள் சுருளாகப் பிளாஸ்டிக் தூள், தேங்காய்த் துருவல் மாதிரி. ஸ்பிரிங்கை எடுத்தால் நடுச்சுற்றுகளில் வெளிப்பக்கம் மட்டும் ஒரு கோடு பளபளவென்று கண்ணாடியாகியிருந்தது. ஊற்றி ஒரு மாதம்கூட ஆகாத ஆயில் சாம்பல் நிறம். விரலில் தேய்த்தால் வெயிலில் மினுமினுத்தது. வாஷர் எங்கே என்று கேட்டால் வண்டிக்காரர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ‘மிச்சம் விழுந்தது, பத்திரமாக வைத்திருந்தேன்’ என்றார்.

உங்கள் இரண்டாவது சத்தம், வேகத்தடையிலிருந்து இறங்கியதும் வரும் டக். ஃபோர்க் முழுசாக விரிந்து முட்டும்போது வருவது. இதற்கு மூன்று வழி உண்டு. ஒன்று, ஸ்பிரிங் உள்ளே தொளதொளவென்று இருக்கிறது. சக்கரம் தொங்கும்போது கூட ஸ்பிரிங் கொஞ்சம் அழுந்திய நிலையில்தான் இருக்க வேண்டும். 10 முதல் 20 மி.மீ. வரை முன்னழுத்தம் என்பது பல வண்டிகளில் காணும் அளவு. வெளியிலிருந்து வாங்கும் ஸ்பிரிங் பழையதைவிடக் குட்டையாக இருப்பது தப்பில்லை. அதற்கேற்ற நீளத்தில் புது ஸ்பேசர் வெட்டிப் போட வேண்டும், அவ்வளவுதான். பழைய ஸ்பேசரையே போட்டால் அந்த முன்னழுத்தம் காணாமல் போய், ஒவ்வொரு முறை விரியும்போதும் ஸ்பேசர், வாஷர், ஸ்பிரிங் மூன்றும் தனித்தனியாகக் குதிக்கும். இரண்டு, ஆயில் குறைவு. விரியும் வேகத்தைத் தடுக்க ஆயில் இல்லை, துளைகள் காற்றை உறிஞ்சுகின்றன, ஃபோர்க் வந்து அடிக்கிறது. மூன்று, நான் சொன்ன அந்தக் குட்டி ஸ்பிரிங் உடைந்திருக்கிறது, அல்லது சீல் மாற்றப் பிரித்தபோது போடாமல் விட்டிருக்கிறார்கள். பைப்பைக் கவிழ்த்தால் ராடோடு சேர்ந்து நழுவி விழும் பொருள் அது. கவனம் இல்லாத நேரத்தில் துணிக்குள் சுருண்டுவிடும்.

‘ஓட ஓட செட் ஆகிவிடும்’ என்றது பற்றி. புது ஸ்பிரிங் ஆரம்பத்தில் ஒரு பொட்டு உட்காரும் என்பது பொய்யில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள்: ஏற்கெனவே தளர்வாக இருப்பது இன்னும் உட்கார்ந்தால் சத்தம் கூடுமா, குறையுமா?

ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று சொல்வதிலும் ஒரு குழப்பம் இருக்கிறது, தொழிலில் இருப்பவர்களே பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். பழைய ஸ்பிரிங் நீளத்தில் குறையும், உண்மை. ஆனால் அதன் விறைப்பு, அதாவது ஒரு மி.மீ. அமுக்க எவ்வளவு எடை வேண்டும் என்பது, கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். கம்பியின் தடிமனும் சுற்றுகளின் எண்ணிக்கையும் மாறவில்லையே. போனது நீளமும் அதனால் முன்னழுத்தமும் மட்டும். வண்டியின் சர்வீஸ் கையேடுகளில் ஸ்பிரிங்கின் புது நீளமும், அதற்குக் கீழே குறைந்தால் மாற்ற வேண்டிய எல்லையும் போட்டிருப்பார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் பல வண்டிகளில் 2 சதவீதம் போல இருக்கும். 400 மி.மீ. ஸ்பிரிங் என்றால் 392. டேப்பை வைத்து அளக்காமல் கையால் அமுக்கிப் பார்த்து ‘தளர்ந்துவிட்டது’ என்று சொல்வது வெறும் ஊகம்.

சரி, நீங்களே திறக்கலாமா? மூடியைத் திறந்து ஸ்பிரிங்கை எடுத்துப் பார்ப்பது வரை தாராளமாகச் செய்யலாம். அடியில் இருக்கும் அலன் போல்ட்டைக் கழற்றி ராடை எடுப்பதற்கு உள்ளே ராடைத் திரும்பாமல் பிடிக்க நீளமான டூல் வேண்டும். அது இல்லையென்றால் அந்தக் கட்டத்தை விட்டுவிடுங்கள்.

சென்டர் ஸ்டாண்ட் போட்டு, என்ஜினுக்கு அடியில் கெட்டியான இடத்தில் மரக்கட்டை கொடுத்து, முன் சக்கரம் தரையை விட்டு முழுசாக எழும்பும்படி வையுங்கள். சைலன்சர் குழாயில் முட்டுக் கொடுக்க வேண்டாம். இது கட்டாயம், ஏனென்றால் சக்கரம் தரையில் இருக்கும்போது மூடியைத் திறந்தால் வண்டியின் முன்பக்க எடை முழுக்க ஸ்பிரிங்கின் மேல் இருக்கும். கடைசி மரை விடும்போது மூடி சீறிக்கொண்டு வரும், வண்டியும் சட்டென்று முன்னால் உட்காரும். முகத்தை நேர் மேலே வைக்காதீர்கள். பைப்பின் மேல் முனையை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் போல்ட்டை முதலில் தளர்த்துங்கள், இல்லையென்றால் மூடியின் மரை கடித்துக்கொண்டு நிற்கும். கடைசி இரண்டு சுற்றில் உள்ளங்கையால் மூடியைக் கீழே அழுத்திக்கொண்டே திருகுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் திறந்து, அதை மூடிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

இந்த இடத்தில் கை ஒரு செய்தி சொல்லும். மூடி கடைசி மரையில் கையை எதிர்த்துத் தள்ளினால் முன்னழுத்தம் இருக்கிறது. எந்த எதிர்ப்பும் இல்லாமல் பாட்டில் மூடி போலக் கழன்று வந்தால் உங்கள் டக் சத்தத்துக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. கணக்காகப் பார்க்க வேண்டுமானால், சக்கரம் தொங்கும் நிலையில் ஸ்பேசரின் மேல் விளிம்பு பைப்பின் விளிம்பிலிருந்து எவ்வளவு இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். மூடியின் உட்காரும் விளிம்பிலிருந்து அதன் அடி வரை எவ்வளவு என்றும் அளந்துகொள்ளுங்கள். ஸ்பேசர் பைப்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் இரண்டையும் கூட்டுங்கள். பைப்புக்குள் இறங்கியிருந்தால் மூடி அளவிலிருந்து அதைக் கழியுங்கள். மூடி 15 மி.மீ. இறங்குகிறது, ஸ்பேசர் 14 மி.மீ. ஆழத்தில் இருக்கிறது என்றால் முன்னழுத்தம் வெறும் 1 மி.மீ. அந்த ஸ்பிரிங் ஆடாமல் என்ன செய்யும்?

ஸ்பிரிங்கை வெளியே எடுக்கும்போது சுற்றிச் சுற்றி மெதுவாகத் தூக்கி, ஆயில் வடிய விடுங்கள். துடைத்துவிட்டு ஒரு தட்டையான கண்ணாடியின் மேல் உருட்டிப் பாருங்கள், வளைந்திருந்தால் தத்தும். வெளிப்பக்கம் லேசான பாலிஷ் இருந்தால் விடுங்கள். கம்பியில் தட்டையாக ஓர் இடம் தேய்ந்திருந்தால் அந்த ஸ்பிரிங் விட்டத்தில் பெரியது, அல்லது பைப் வளைந்திருக்கிறது. பைப் வளைவுக்குப் பெரும்பாலான கையேடுகள் சொல்லும் எல்லை 0.2 மி.மீ., அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கழற்றி டயல் கேஜில் (நுண் அளவு காட்டும் கருவி) வைக்க வேண்டும். பழைய ஸ்பிரிங்கைத் திருப்பி வாங்கியிருந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி நீளமும் வெளி விட்டமும் ஒப்பிடுங்கள்.

அறுத்த முனையில் பிசிறு இருந்தால் எண்ணெய்க் கல்லாலோ பொடி எமரியாலோ அந்த நுனியை மட்டும் மழுங்கடியுங்கள். கம்பியின் உடம்பில் அரம் படக் கூடாது. ஸ்பிரிங் கம்பியில் ஒரு கீறல் போதும், நாளைக்கு விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும்.

ஸ்பேசர் வெட்டுவதாக இருந்தால் நேராக வெட்டுங்கள். இந்த வேலையில் நான் பிடிவாதம் பிடிக்கும் விஷயம் அது ஒன்றுதான். குழாயைச் சுற்றி ஒரு தாளை இறுக்கிச் சுற்றினால் அதன் ஓரம் சரியான வட்டக்கோடு காட்டும், அதன்மேல் அறுக்கலாம். இரண்டு முனையையும் தட்டையான பலகையில் எமரித் தாளை விரித்து எட்டு வடிவில் தேயுங்கள். உள்ளும் வெளியும் பிசிறை எடுத்து, நன்றாகக் கழுவுங்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒரே நீளம். ஸ்பேசருக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் இரும்பு வாஷர், பைப்பின் உள்விட்டத்துக்கு நெருக்கமான அகலத்தில், அங்குமிங்கும் ஓடாதபடி. முன்னழுத்தம் சரிதானா என்பதை கடைசியில் வண்டியில் உட்கார்ந்து பார்க்கலாம்: பைப்பில் ஒரு கேபிள் டை கட்டி, சக்கரம் தொங்கும்போது இருக்கும் நிலைக்கும் நீங்கள் ஏறி உட்கார்ந்த நிலைக்கும் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். மொத்த ஓட்டத்தில் (முழுசாக விரிந்ததிலிருந்து முழுசாக அமுங்குவது வரை) நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் நல்லது.

புரோகிரஸிவ் ஸ்பிரிங்கில் நெருக்கமான சுற்று மேலேயா கீழேயா என்று சண்டையே நடக்கும். விறைப்பைப் பொறுத்தவரை எப்படிப் போட்டாலும் ஒன்றுதான், ஸ்பிரிங்குக்குத் தலைகால் தெரியாது. ஸ்பிரிங் பெட்டியில் ஒரு திசை சொல்லியிருந்தால் அப்படிப் போடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே திசையாக இருக்கட்டும். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: இந்த வகை ஸ்பிரிங்கில் நெருக்கமான சுற்றுகள் ஓட்டத்தின் முதல் பாதியிலேயே ஒன்றையொன்று தொட்டு மூடிக்கொள்ளும். அப்போது ‘டிக் டிக்’ என்று மெல்லிய சத்தம் வரலாம். அது அதன் குணம். கர்ரக்கோடு அதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இனி ஆயில். சீல் மாற்றிய ஃபோர்க்கில் சத்தம் என்றால் நான் ஸ்பிரிங்கைச் சந்தேகிப்பதற்கு முன் ஆயில் அளவைச் சந்தேகிப்பேன். முழுசாகப் பிரித்துக் கழுவிய ஃபோர்க்குக்கும் வெறுமனே வடித்துவிட்டு ஊற்றும் ஃபோர்க்குக்கும் அளவு வேறு. வடித்ததில் உள்ளே கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்த ஃபோர்க்குக்கு அதையும் சேர்த்து ஊற்ற வேண்டும். கையேட்டில் இரண்டு எண் இருப்பது இதற்காகத்தான், பலர் சின்ன எண்ணை எடுத்துக்கொள்கிறார்கள். மி.லி. கணக்கைவிட மட்டம் பார்ப்பது நம்பகமானது: ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ஃபோர்க்கை முழுசாக அமுக்கி, காற்றுக் குமிழ் போகும் வரை பத்துப் பன்னிரண்டு முறை ஏற்றி இறக்கி, ஐந்து நிமிடம் விட்டு, பைப்பின் மேல் விளிம்பிலிருந்து ஆயில் வரை நேர்க்கம்பி விட்டு அளக்க வேண்டும். இரண்டு பக்கமும் மி.மீ. பிசகாமல் ஒரே மட்டம். ஃபோர்க் ஆயிலையே ஊற்றுங்கள், கையேடு சொன்ன எண்ணில். பெரும்பாலும் 10டபிள்யூ (ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண்) இருக்கும். ஒரு கம்பெனியின் 10 இன்னொரு கம்பெனியின் 10 போல ஓடாது, அதனால் இரண்டு பக்கத்துக்கும் ஒரே டப்பா.

சத்தத்தை அமுக்கக் கெட்டியான ஆயில் ஊற்றச் சொல்லும் யோசனை உங்களுக்கும் வந்து சேரும். கேட்காதீர்கள். உரசல் அப்படியே இருக்கும், உங்களுக்குக் கேட்காது, வண்டி மட்டும் கட்டை போல ஓடும். மட்டத்தைக் கூட்டி ஊற்றுவதும் தீர்வல்ல: ஆயிலுக்கு மேலே இருக்கும் காற்று ஒரு மறைமுக ஸ்பிரிங், அந்த இடம் குறைந்தால் ஓட்டத்தின் கடைசியில் ஃபோர்க் கல்லாகி, நேற்றுப் போட்ட சீல் மறுபடி கசியும். ஸ்பிரிங்கில் கிரீஸ் பூசுவது ஆயிலோடு கலந்து துளைகளை அடைக்கும். ஸ்பிரிங்கின் மேல் சூட்டில் சுருங்கும் உறை போடுகிறவர்களும் இருக்கிறார்கள். சத்தம் குறையும், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் உறை கிழியும் நாளில் துணுக்குகள் ஆயிலில் மிதக்கும். என் வண்டிக்கு நான் போட மாட்டேன்.

மாட்டும்போது செய்யும் ஒரு தவறும் உரசலைக் கொண்டு வரும். சக்கரத்தை மாட்டி ஆக்சில் (சக்கர அச்சு) கிளாம்பையும் நட்டையும் உடனே முறுக்கிவிட்டால் இரண்டு ஃபோர்க் கால்களும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாமல் இழுபட்டு நிற்கும். ஆக்சில் நட்டை அதற்குரிய இறுக்கத்துக்குக் கொண்டு வந்து, கிளாம்ப் போல்ட்டை விட்டுவைத்து, வண்டியைத் தரையில் இறக்கி முன் பிரேக்கைப் பிடித்து ஐந்தாறு முறை அமுக்கி விடுங்கள். கால்கள் தாமாக இடம் பிடித்துக்கொள்ளும். பிறகு கிளாம்ப்.

இவ்வளவும் சரியாக இருந்து டக் மட்டும் போகவில்லை என்றால், அடி போல்ட்டைக் கழற்றி ராடையும் குட்டி ஸ்பிரிங்கையும் கூம்பையும் பார்க்க வேண்டும். அந்த வேலையைக் கொடுத்துச் செய்யுங்கள், ஆனால் பக்கத்தில் நில்லுங்கள். புஷ் உள்ள ஃபோர்க் என்றால் அப்போதே அதையும் பார்க்கச் சொல்லுங்கள்; மேல் பூச்சு போய் முக்கால் பரப்புக்குச் செம்பு நிறம் தெரிந்தால் மாற்றும் நேரம். சின்ன வண்டிகள் பலவற்றில் தனி புஷ் கிடையாது, பைப் நேராக அலுமினிய பாட்டத்தில் ஓடும். பாட்டம் தேய்ந்திருந்தால் அதை மாற்றத்தான் வேண்டும். ஃபோர்க்கை முழுசாக மாற்றுங்கள் என்று நான் சொல்லக்கூடிய சந்தர்ப்பம் பைப்பும் வளைந்து பாட்டமும் தேய்ந்திருப்பது ஒன்றுதான். உங்கள் கடிதத்தில் அதற்கு அடையாளம் இல்லை.

ஓட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஹேண்டில் தடையில்லாமல் திரும்புகிறது, இரண்டு பக்கமும் ஒரே அளவு அமுங்கி எழும்புகிறது, கசிவு இல்லை என்றால் சரிபார்க்கும் வரை நிதானமாக ஓட்டலாம். கோன் செட்டில் ஆட்டம் தெரிந்தால் ஓட்டாதீர்கள், முதலில் அதை இறுக்குங்கள். ஆயில் டிஸ்க்கிலோ பேடிலோ பட்டிருந்தாலும், முன்பக்கம் திடீரென்று தாழ்ந்து உட்கார்ந்தாலும் வண்டியை அங்கேயே நிறுத்திவிடுங்கள். முன்பக்கம் அப்படித் தாழ்வது ஸ்பிரிங் உடைந்ததன் அடையாளம்.

கடைசியாக, பழைய ஸ்பிரிங்கைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அதை அளந்து பாருங்கள். கையேட்டு எல்லைக்குள் இருந்தால், பழைய ஸ்பேசர், வாஷரோடு அதையே திருப்பி மாட்டி, ஆயில் மட்டத்தைச் சரிசெய்து, வழக்கமாகப் போகும் அதே வேகத்தடையில் ஏறி இறங்குங்கள். சத்தம் போய்விட்டால் ஃபோர்க் நன்றாக இருக்கிறது. புது ஸ்பிரிங்கைப் போடுவதா வேண்டாமா என்பதை அதற்குரிய ஸ்பேசரை வெட்டிய பிறகு சாவகாசமாக முடிவு செய்யலாம்.